இரண்டாம் தொடுதல்

வேத பாடம்: மாற்கு 8:22–26



உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கப்பட்டு வரும் கண் சிகிச்சைப் பணியைக் குறித்து இம்முறை ஒரு பாடமாகவே எழுத விரும்புகிறோம். இந்தப் பாடத்தை முதலில் கற்க வேண்டியிருந்தவர்கள் நாங்களே.

மேலே குறித்த பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடருங்கள். பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். அவர் அவனைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப்போகிறார். அவன் கண்களில் உமிழ்ந்து, தம் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று விசாரிக்கிறார். அவன் உள்ளதை உள்ளபடி சொல்கிறான். ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரம் நடந்து போவதுபோல் இருக்கிறது என்கிறான். ஆண்டவர் மறுபடியும் கைகளை வைக்கிறார். அதன் பின்பே அவனுக்கு எல்லாம் தெளிவாகிறது. சுவிசேஷகர்கள் நால்வரில் மாற்கு ஒருவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரே வார்த்தையில் குணமாக்க வல்லவர் ஏன் இரண்டு முறை தொட்டார்? சீஷர்களின் அரைகுறைப் புரிதலுக்கு இது ஓர் அடையாளம் என்று வேத பண்டிதர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பல வருடங்கள் கண் வார்டில் நடந்து பழகிய பிறகு, முன்பு கவனியாத ஒன்று எங்களுக்குப் புலப்பட்டது. முதல் தொடுதலுக்குப் பின் ஆண்டவர் கேட்டார். கேட்டதால்தான் குறை வெளியே வந்தது. கேளாமல் விட்டிருந்தால் அந்த மனிதன் மனிதரை மரமாகக் கண்டுகொண்டே வீடு போய்ச் சேர்ந்திருப்பான். கூடியிருந்தவர்களும் அற்புதம் நடந்தது என்று மகிழ்ந்து கலைந்திருப்பார்கள்.

1. நாங்கள் கேளாமல் விட்டது

சில வருடங்களுக்கு முன் பிள்ளையார்பாளையத்திலிருந்து, தறி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்த நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வலது கண்ணில் புரை. இடது கண் நன்றாக இருந்தபடியால் பிள்ளை ஓடினான், ஆடினான். ஒரு கண் தெரியவில்லை என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் விளக்கு வெளிச்சத்தில் அவன் கண்மணியின் நடுவே வெள்ளையாக ஏதோ மின்னுவதைப் பாட்டிதான் பார்த்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது நாங்களும் அருகில் நின்று ஸ்தோத்திரம் செலுத்தினோம். அவ்வருட அறுப்பின் பண்டிகையில் ஒரு சபையில் அந்தப் பையனைக் குறித்துச் சாட்சியும் சொன்னோம். எங்கள் அறிக்கையில் 'பார்வை பெற்றோர்' பட்டியலில் அவனும் சேர்ந்தான். அவன் செலவைத் தாங்கிய குடும்பத்திற்கு நன்றிக் கடிதம் போயிற்று.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மூன்று காரியங்கள் சொல்லியிருந்தார். கண்ணாடியை விடாமல் போட வேண்டும். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மூட வேண்டும். சொன்ன தேதியில் திரும்ப வர வேண்டும். தகப்பனார் தலையசைத்துப் போனார். ஆனால் ஒட்டைப் போட்டதும் பிள்ளை அழுது பிய்த்தெறிந்தான். தெருப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். தெரிகிற கண்ணை மூடிவிட்டுத் தெரியாத கண்ணைத் திறந்துவைப்பது என்ன வைத்தியம் என்று உறவினர் கேட்டார்கள். சேலையைக் கொடுக்க வேண்டிய கெடு நெருங்கியது. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு தவணை தவறியது, அடுத்ததும் தவறியது. ஏன் வரவில்லை என்று நாங்களும் ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, பள்ளிக்கூடத்தில் நடந்த கண் பரிசோதனையில் அவனை மறுபடியும் கண்டோம். வைத்த லென்ஸ் தெளிவாக இருந்தது. கண்ணில் நோய் ஒன்றும் இல்லை. ஆனால் இடது கண்ணை மூடினால், அட்டையின் உச்சியிலிருந்த பெரிய எழுத்துக்குக் கீழே அவனால் ஒன்றும் படிக்க முடியவில்லை. டாக்டர் தகப்பனாரைக் கடிந்துகொள்ளவில்லை. எங்கள் பக்கம் திரும்பி, "ஐயா, நாம் ஜன்னலைத் திறந்தோம். உள்ளே தூங்குகிறவனை எழுப்பவில்லை" என்றார்.

2. கண் பார்க்கப் பழக வேண்டும்

டாக்டர் சொன்னதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கண் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. அதைக் கொண்டு இது முகம், இது மரம் என்று அறிவது மூளை. குழந்தையின் மூளை இதைப் பிறந்த பிறகே பழகுகிறது. முதல் சில மாதங்களில் வெகு வேகமாகவும், ஏறக்குறைய ஏழெட்டு வயது வரை மெதுவாகவும் பழகும். அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்துகொண்டிருந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் நம்பப் பழகிவிடும். இதைத்தான் 'சோம்பல் கண்' என்கிறார்கள். நல்ல கண்ணை மூடுவது, ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு மூளை மறுபடியும் இடம் கொடுக்கும்படி செய்வதற்காகவே.

டேவிட் ஹூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை முதல் சில மாதங்கள் மூடிவைத்துப் பின்பு திறந்தார்கள். கண் பழுதின்றி இருந்தும் அதனால் குட்டிக்குப் பயன் இல்லை. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடிவைத்தால் அவ்வித நஷ்டம் உண்டாகவில்லை. பார்வையைப் பற்றிய ஆராய்ச்சிக்காக இவ்விருவருக்கும் 1981இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதற்கும் முன்பே மனிதரிடத்தில் கண்ட சான்று உண்டு. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசல்டன், சிறு வயதிலேயே பார்வை இழந்து சுமார் 13 வயதில் புரை நீக்கப்பட்ட ஒரு பையனைப் பற்றி 1728இல் எழுதினார். பையனுக்குக் கண் திறந்தும் எது பூனை, எது நாய் என்று பார்த்தவுடன் சொல்லத் தெரியவில்லை. கேட்க வெட்கப்பட்டு, ஒரு நாள் பூனையைப் பிடித்துக் கையால் தடவிக்கொண்டே உற்றுப் பார்த்து, கண்ணுக்கு அதை அறிமுகம் செய்துவைத்தானாம். நம் நாட்டிலும் டில்லியில், பிறவியிலேயே பார்வையின்றி 8 முதல் 17 வயதுக்குள் ஆபரேஷன் பெற்ற ஐந்து பிள்ளைகளைப் பேராசிரியர் பவன் சின்ஹாவின் குழுவினர் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் கண்டு இன்னதென்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் முடியவில்லை. ஆனால் சில நாட்களிலேயே பழகத் தொடங்கினார்கள். காலந்தாழ்ந்து வந்தவர்களுக்கும் நம்பிக்கை உண்டு என்பதற்கு இது ஆறுதலான சாட்சி. ஆனாலும் இழந்ததெல்லாம் திரும்ப வருவதில்லை.

பெத்சாயிதாவின் மனிதன் சொன்ன பதில் இப்போது வேறு விதமாகக் கேட்கிறதல்லவா? வெளிச்சம் வந்துவிட்டது. மனிதர் மனிதராகத் தெரிவதற்கு இன்னும் ஒன்று வேண்டியிருந்தது.

ஆகையால்தான் குழந்தைகளின் புரையில் காலம் மிக முக்கியம். பிறவியிலேயே ஒரு கண்ணில் அடர்ந்த புரை இருந்தால் ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் எட்டு முதல் பத்து வாரங்களுக்குள்ளும் எடுத்துவிடுவது நல்லது. பெரியவர்களுக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும், அதற்கென்று தேர்ந்த மயக்க மருத்துவர் வேண்டும். பிள்ளையின் கண் வளர்ந்துகொண்டே இருப்பதால் கண்ணாடியின் பவரும் மாறிக்கொண்டே இருக்கும். லென்ஸுக்குப் பின்னால் மறுபடியும் திரை படரலாம். வருடங்கள் கழித்துக் கண்ணில் அழுத்தம் ஏறலாம். இவையெல்லாம் திரும்ப வருகிற பிள்ளையிடத்தில் மட்டுமே கண்டுபிடிக்கக் கூடியவை.

3. நெசவாளர் கற்றுக்கொடுத்தது

இதை ஏழைத் தாய்மாருக்கு எப்படிப் புரியவைப்பது? நாங்கள் படம் போட்டு விளக்கினோம். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ஒட்டுப் போடவில்லை. இந்த விஷயத்தில் எங்களுக்கு ஆசிரியராக வந்தவர், தமது புரை ஆபரேஷனுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்திருந்த வயதான நெசவாளர் ஒருவர்.

காஞ்சிபுரத்தார் அறிந்த கதை ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் வருவது. திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழக்கிறார். வழியில் திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஊன்றுகோல் மாத்திரம் கிடைக்கிறது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் இடது கண் தெளிகிறது. வலது கண்ணோ திருவாரூர் போன பிறகே தெளிகிறது. அந்தப் பெரியவர் பெஞ்சில் தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாயின் முறையீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு ஒட்டுப் போடவே மனம் வரவில்லை என்று அந்த அம்மாள் கண் கலங்கியபோது, அவர் சொன்னார்: "காஞ்சிபுரத்துல பாதிதாம்மா கிடைக்கும். மீதிக்குத் திருவாரூர் போகணும். நடுவழியில நின்னுடாதே."

எங்கள் விசுவாசம் வேறு, அவர் விசுவாசம் வேறு. ஆனாலும் நாங்கள் அரை மணி நேரம் விளக்கியும் ஏறாதது அந்த ஒரு வார்த்தையில் ஏறிவிட்டது. தாய் எழுந்து போய் ஒட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் நர்சுகள் அந்தக் குழந்தையைக் கண்டால், "திருவாரூர் எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்று கேட்பதுண்டு.

அதே பெரியவர் தறியைக் கொண்டும் ஒரு விளக்கம் சொன்னார். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் ஒருவராகவே இரண்டையும் செய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். "டாக்டர் உடல் நெய்வாரு, கரை போடுறது நீங்கதான்" என்று அவர் சொன்னது அந்தத் தாய்க்கு மட்டும் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

4. பெரியவர்களுக்கும் இது உண்டு

பெரியவரின் மூளை பார்க்கப் பழகி முடித்திருப்பதால், புரையை எடுத்து லென்ஸ் வைத்தவுடன் உலகம் திரும்ப வந்துவிடுகிறது. இந்த அளவுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்றவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் நோய்க்குறிப்புகள், கண்களின் வண்ணப் படங்களோடு தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டிருக்கின்றன. காஞ்சிபுரத்துக்கு மேற்கே வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் அந்த வளாகமே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கண் சிகிச்சைக்கு இடமாயிற்று. 1947இல் வேலூருக்கு வந்த டாக்டர் விக்டர் ராம்போ, நோயாளி வரட்டும் என்று காத்திராமல் கிராமங்களுக்கே போய்க் கண் முகாம்கள் நடத்துவதை வளர்த்தார். அக்காலத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் பல நாட்கள் தலையசையாமல் படுத்திருந்து, பின்பு 'சோடாபுட்டி' கண்ணாடியோடு வீடு போவார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை லண்டனில் ஹாரோல்ட் ரிட்லி 1949இல் முதன்முதலாக வைத்தார். ஆனாலும் மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கிக் குறைந்த விலையில் அதைச் செய்த பின்புதான் அது ஏழைக்கும் எட்டியது. இன்று முகாமில் பரிசோதனை மாத்திரம். ஆபரேஷனுக்கு மருத்துவமனைக்கு அழைத்து வருகிறோம். பெரும்பாலோர் மறுநாளே வீடு திரும்புகிறார்கள்.

ஆனால் பெரியவருக்கும் இரண்டாம் தொடுதல் வேண்டும். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் பொதுவாகத் தூரப் பார்வைக்கானது. நெசவாளருக்கோ பிழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அறுந்த பட்டு இழையைத் தேடி முடிச்சிடக் கிட்டப் பார்வைக் கண்ணாடி வேண்டும். புரை இல்லாதவருக்கும் நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளருக்குக் கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2018இல் வெளியாயிற்று. கண்ணாடி பெற்றவர்களின் வேலை, பெறாதவர்களுடையதைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்ததாம். கொழுந்து கிள்ளுகிறவருக்கே அப்படியென்றால், சரிகை இழையை எண்ணுகிறவருக்கு எவ்வளவு அதிகம்!

5. நாங்கள் மாற்றிக்கொண்டது

அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் பதிவேட்டை மாற்றினோம். முன்பு ஆபரேஷன் தேதியோடு வரி முடிந்துவிடும். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். கண்ணாடி போடுகிறதா, ஒட்டுப் போடுகிறார்களா, எத்தனை வரி படிக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எழுதப்படுகிறது. தவணை தவறினால் அந்த வாரமே ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். கூலி நஷ்டத்தையும் பஸ் செலவையும் சிகிச்சைச் செலவாகவே எண்ணுகிறோம். 'பார்வை பெற்றோர்' என்ற தலைப்பை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டோம். 'ஆபரேஷன் பெற்றோர்' என்று ஒரு பத்தியும் 'தொடர்ந்து வருவோர்' என்று ஒரு பத்தியும் வைத்திருக்கிறோம். இரண்டாவது எண் சிறியதாக இருப்பதைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தாலும் அப்படியே அச்சிடுகிறோம்.

பெரியவரின் வார்த்தையைக் கேட்ட அந்தத் தாய் இரண்டு வருடமாகத் தவறாமல் வருகிறார். ஒட்டுப் போட்ட நேரத்தில் பாட்டி பேத்தியோடு பல்லாங்குழி ஆடுகிறார், பயறு பொறுக்கச் சொல்கிறார், பூத்தொடுக்கப் பழக்குகிறார். சென்ற முறை அந்தச் சிறுமி முன்பைவிட இரண்டு வரி கீழே படித்தாள். முழுப் பார்வை வரும் என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. வழியில் நிற்காமல் நடக்கிறாள் என்பதே இன்றைய செய்தி.

அந்தப் பையனுக்கு வலது கண்ணில் பெரிய முன்னேற்றம் இல்லை. மீதமிருக்கிற கண்ணுக்கு அடிபடாதபடி, உடையாத கண்ணாடி எப்போதும் அணிகிறான். அவனைக் குறித்துச் சாட்சி சொன்ன அதே சபைக்கு மறுபடியும் போக நேர்ந்தபோது, முன்பு சொன்னதைத் திருத்திச் சொன்னோம். சொல்லி முடித்து இறங்குகையில் சபையார் என்ன நினைப்பார்களோ என்று உள்ளுக்குள் பயந்தோம். ஆராதனை முடிந்ததும் வயதான அம்மாள் ஒருவர் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில நோட்டுகளை எங்கள் கையில் வைத்து, "அடுத்த பிள்ளைக்கு பஸ் காசு" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

6. உங்கள் வீட்டிலும் சபையிலும் கவனிக்க வேண்டியவை

குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். புரையாக இருக்கலாம். கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பதையும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்பதையும் நம்பாதீர்கள். நான்கு மாதத்திற்குப் பின்னும் கண் விலகியே இருந்தால் காட்ட வேண்டும்.

34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைக்கும் 30 நாட்களுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும்.

கர்ப்பிணிக்கு வரும் ருபெல்லா அம்மை பிள்ளைக்குப் பிறவிப் புரையை உண்டாக்கும் என்று ஆஸ்திரேலிய டாக்டர் நார்மன் கிரெக் 1941இல் கண்டறிந்தார். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி 2017இல் தமிழ்நாட்டில் பெரும் முகாமாகத் தொடங்கப்பட்டது. இப்போது 9 மாதம் முடிந்ததும் ஒரு முறையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மறுமுறையும் அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது. தவறவிடாதீர்கள்.

பள்ளியில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்வையைச் சோதியுங்கள். எங்கள் பையனுக்கு யாரும் செய்யாமல் போனது இதுதான்.

7. சிந்திக்க

அ. ஆண்டவர் முதல் தொடுதலுக்குப் பின் ஏன் விசாரித்தார்? நாம் உதவி செய்த ஒருவரிடம் கடைசியாக எப்போது அப்படி விசாரித்தோம்?

ஆ. அந்த மனிதன் பாதி குணத்தை முழுக் குணம் என்று சொல்லாமல் உண்மையைச் சொன்னான். நம் சபை அறிக்கைகளிலும் சாட்சிகளிலும் அப்படிச் சொல்ல நமக்குத் தைரியம் உண்டா?

இ. ஓர் ஆபரேஷனைத் தாங்குவது மகிழ்ச்சி. ஒரு பிள்ளையின் ஐந்து வருடத்துக் கண்ணாடியையும் பஸ் காசையும் தாங்குவதற்கு யார் முன்வருவார்கள்?

ஜெபிக்க: ஒட்டுப்போடும் தாய்மாரின் பொறுமைக்காக. தவணை தவறிய வீடுகளின் கதவைத் தட்டும் ஊழியருக்காக. எங்களுக்காகவும், கேட்க மறவாதபடி.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்